எட்சன் பார்க்காத காற்று

ஆரல்வாய்மொழியில் கூடைப்பந்தைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் எட்சனிடம்தான் கேட்பார்கள். சந்தேகம் வராவிட்டாலும் எட்சன் சொல்லுவான்.

அவனுக்குக் காற்றாலையில் பராமரிப்பு வேலை. அமெரிக்காவில் ராத்திரி நடக்கிற ஆட்டம் நம்மூருக்கு விடிகாலையில் வந்து சேரும். ஒரு கையில் போன், மறு கையில் பிரஷ் என்று புறவாசலில் நின்றுகொண்டே பார்ப்பான். "ஏலே, நுரை சட்டையில ஒழுகுது" என்று அம்மா ஜெபகனி சமையலறையிலிருந்து சத்தம் போட்ட பிறகுதான் வாய் கொப்பளிப்பான். அதற்குள் கம்பெனி ஜீப் வந்து ஹாரன் அடிக்கும்.

ஜீப்பில் ஆன்ட்ரூஸ் இருப்பான். கூட வேலை பார்க்கிறவன், ஒரே வயது, ஒரே சபை.

"எவன்லே ஜெயிச்சான்?"

"ஜெயிச்சது கிடக்கட்டும். மூணாவது குவார்ட்டர்ல என்ன நடந்துதுன்னு கேளு."

"கேக்க மாட்டேன். கேட்டா டவர் அடி வரைக்கும் சொல்லுவ."

கேட்காவிட்டாலும் சொல்லுவான். பந்து கையில் இருக்கிறவனை எல்லோரும் பார்க்கிறார்கள், பந்தைக் கொடுத்துவிட்டு அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும் என்பது எட்சனின் முதல் பாடம். ஸ்டீபன் கரி பந்தைக் கொடுத்துவிட்டு நிற்பதே இல்லை. இரண்டு பேரைச் சுற்றிக்கொண்டு ஓடி, மூலையில் போய் மறுபடியும் பந்துக்குக் கை நீட்டுவார். உலகம் அவர் எறிவதை வீடியோவாகப் பார்க்கிறது, எட்சன் அவர் ஓடுவதைப் பார்க்கிறான். யோக்கிச் பெரிதாகக் குதிக்க மாட்டார், வேகமும் கிடையாது. ஆனால் பந்து தன் கைக்கு வருவதற்கு முன்பே அது அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று முடிவு செய்திருப்பார். எல்லோருக்கும் மேலாக எட்சனுக்குப் பிடித்தவர் ஓய்வு பெற்றுப் போன டிம் டங்கன். பக்கவாட்டில் நின்று, வளையத்துக்குப் பின்னால் உள்ள பலகையில் பந்தைத் தட்டி உள்ளே விழ வைப்பார். பார்க்க ஒரு கவர்ச்சியும் இல்லாத ஆட்டம். "அதுதாம்லே ஆட்டம்" என்பான் எட்சன். ஆன்ட்ரூஸ் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வான்.

இவ்வளவு பேசுகிறவன் ஆடிய ஆட்டம் என்ன என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூட அணியில் இருந்தான், பெரும்பாலும் பெஞ்சில். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கண் பழகியது, கை பழகவில்லை. அதை அவனே ஒளிக்காமல் சொல்லுவான்.

கை பழகியது தங்கை ஸ்மைலினுக்கு.

இருவரும் பந்து பிடித்துப் பழகியது ஒரே இடத்தில். சபைக் கோயிலுக்குப் பின்னால் இளைஞர் ஐக்கியத்தார் போட்ட சிமென்ட் தளம். ஒரு காலத்தில் வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு வளையங்கள் இருந்தன. ஒரு வருஷம் சபை அசன விருந்துக்குக் கொட்டகை போடவும் வட்டளம் என்கிற பெரிய அண்டாக்களை அடுப்பில் ஏற்றவும் இடம் போதாமல் தெற்குக் கம்பத்தைப் பிடுங்கினார்கள். அசனச் சாப்பாடு முடிந்ததும் திருப்பி நட்டுவிடலாம் என்றார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ அசனம் நடந்துவிட்டது. கம்பம் மட்டும் கோயில் மதிலோரம் படுத்தே கிடக்கிறது. ஆகவே ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் வடக்கு வளையத்தைப் பார்த்துத்தான் எறிந்து பழகினார்கள். அதில் யாருக்கும் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

ஸ்மைலின் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர ஜூன் மாதம் தேர்வு. கிடைத்தால் படிப்பும் உண்டு, ஆட்டமும் உண்டு. கிடைக்காவிட்டால் குழித்துறையில் மாமா வீட்டில் தங்கி லேப் டெக்னீஷியன் படிப்பு என்று அப்பா ரசலையன் பேசி முடித்து வைத்திருந்தார். அவர் கொடுமைக்காரர் இல்லை. "பந்தெறிஞ்சு சீட்டு கிடைக்கும்னா எறியட்டும். கிடைக்கலைன்னா பந்தைக் கீழ வச்சிரணும், அவ்வளவுதான்" என்றார். ஸ்மைலினும் சரி என்று தலையாட்டிவிட்டாள். அவளுக்குத் தன் கை மேல் அவ்வளவு நம்பிக்கை. மார்ச்சில் அதே கல்லூரியின் உள்ளரங்கில் ஒரு போட்டியில் ஆடியபோது அவள் தூரத்திலிருந்து எறிந்ததெல்லாம் நூல் பிடித்ததுபோல் விழுந்தது.

ஏப்ரலும் மேயும் காலையும் மாலையும் வடக்கு வளையத்தில் எறிந்தாள். எட்சன் வேலை முடிந்து வந்து பார்ப்பான். எல்லாம் நன்றாகவே விழுந்தது.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, பழகிக்கொள்ளட்டும் என்று அதே உள்ளரங்கில் ஒரு நட்பு ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். முதல் எறி வளையத்தின் இடது ஓரத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவது இன்னும் இடது. பிறகு எறிந்ததும் இடதுதான். கூட ஆடிய பூங்கனி, பள்ளிக்கூடத் தோழி, "என்னட்டி, அந்தப் பக்கம் யாரு நிக்கான்னு அங்க அனுப்புக?" என்று சிரித்தாள். ஸ்மைலின் சிரிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் எட்சன் தன் முடிவைச் சொன்னான். "கை முட்டு வெளிய விரியுது. அதான் இடது பக்கம் போகுது."

"முந்தி விரியலியா?"

"இப்ப விரியுது. தூரம் கூட்டினப்ப வந்த பழக்கம்."

போனை எடுத்து கரியின் எறியை மெதுவாக ஓட விட்டுக் காட்டினான். முட்டு எப்படி வளையத்தை நேராகப் பார்க்கிறது, விரல் எப்படிக் கடைசியில் கீழே மடிகிறது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

மறுநாள் கை முட்டை உள்ளே இறுக்கி எறிந்தாள். அதுவரை விழுந்த வடக்கு வளையத்திலும் விழவில்லை. அடுத்த நாள் எட்சன் அவள் கால் வைக்கும் இடத்தை மாற்றினான். அதற்கு மறுநாள் மணிக்கட்டை. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவள் எறிவதற்கு முன்னால் யோசிக்க ஆரம்பித்தாள். பந்தைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"முட்டு..." என்று எட்சன் வாயைத் திறந்தான்.

அவள் பந்தை அவன் காலடியில் ஓங்கிப் போட்டாள். "அண்ணே, நீ போன்ல உள்ளவங்களையே பாக்குக. ஒரு நாளாவது என்னைப் பாத்தியா?"

பந்து உருண்டு மதிலோரம் கிடந்த கம்பத்தில் போய் முட்டியது. அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். எட்சனுக்குச் சுருக்கென்றது. பார்ப்பது ஒன்றுதான் தனக்குத் தெரிந்த வேலை என்று நினைத்திருந்தான். அதுவும் தெரியாதென்றால் மீதி என்ன இருக்கிறது?

 மறுநாள் ஜீப்பில் ஆன்ட்ரூஸ் தானாகவே எவன் ஜெயித்தான் என்று கேட்டும், எட்சன் வெளியே பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். கணவாய்க் காற்று அதன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. வைகாசி பிறந்தால் அங்கே அப்படித்தான். குடை பிடிக்க முடியாது, கொடியில் துணி நிற்காது. டவர் அடியில் எட்சன் கையுறை கேட்டான். சற்றுத் தள்ளி, அவனுக்குத் தெற்கே ஜீப்பருகில் நின்ற ஆன்ட்ரூஸ் ஒரு ஜோடியைச் சுருட்டி எறிந்தான். எட்சனைப் பார்த்து எறியவில்லை. மேற்கே, ஆளில்லாத வெட்டவெளியைப் பார்த்து எறிந்தான். கையுறை காற்றில் வளைந்து வந்து எட்சனின் நெஞ்சில் விழுந்தது.

எட்சன் அதைப் பிடித்தபடியே நின்றான்.

"ஏம்லே அங்க எறிஞ்ச?"

"எங்க?"

"அங்க. மேற்கால."

"உனக்கு வந்துட்டுல்லா? காத்து கொண்டுவரும்." ஆன்ட்ரூஸுக்குத் தான் எங்கே எறிந்தோம் என்பதே நினைவில்லை. "இது என்னலே கேள்வி? சாப்பிடலியா நீ?"

எட்சன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள் மேற்கே முகம் வைத்து நின்றன. காற்று வருகிற பக்கம் முகத்தைத் திருப்புவதற்கு அவற்றுக்குள் மோட்டார் இருக்கிறது. அதற்கு எண்ணெய் போடுவது அவன் வேலை. காற்று நின்றுபோனாலும் அவை கடைசியாகப் பார்த்த திசையையே பார்த்துக்கொண்டு நிற்கும். இதெல்லாம் தெரிந்தவன்தான். வடக்கு வளையத்தைப் பார்த்து எறிகிறவளுக்கு மேற்குக் காற்று இடது பக்கமிருந்து வரும். பந்தை வலது பக்கம் தள்ளும். காற்று தொடங்கிய நாள் முதல் அவள் கை தானாகவே கொஞ்சம் இடது பக்கம் எறியக் கற்றுக்கொண்டிருக்கிறது. அவளுக்குத் தெரியாது. மார்ச்சில் காற்று இல்லை. எதிர்ப் பக்கம் இன்னொரு வளையம் இருந்திருந்தால் கை இரண்டு பக்கமும் பழகியிருக்கும், ஏதோ வித்தியாசம் இருப்பதாவது உறைத்திருக்கும். அதுவும் இல்லை. முட்டில் ஒரு பிழையும் இல்லை. அவன்தான் கெடுத்தான்.

"மக்கா, நான் காத்தைப் பாக்கல" என்றான் எட்சன்.

"காத்தை எவன்லே பாப்பான்?" என்றான் ஆன்ட்ரூஸ்.

மாலையில் வீட்டில் ஸ்மைலின் அதைக் கேட்டுவிட்டுத் தன் கை முட்டை மடக்கிப் பார்த்தாள். பிறகு, "அப்ப முட்டு?" என்றாள்.

"முட்டை விடு. பழையபடி எறி."

"பழையபடி எறிஞ்சா அங்க இடது பக்கம்லா போகும்?"

அதுதான் கஷ்டம். காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காகக் கை மாறிவிடாது. காற்று அடிக்காத இடத்தில் எறிந்து பழக வேண்டும், ஊரில் அப்படி ஒரு தளம் இல்லை. சுவரும் கூரையும் உள்ள பெரிய இடம் சபை ஹால் ஒன்றுதான். பாடகர் குழுப் பயிற்சி முடிந்ததும் கேட்டைப் பூட்டிக்கொண்டு எறியலாம் என்று பாஸ்டர் சம்மதித்தார், குழல் விளக்கை உடைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆனால் ஹாலில் வளையம் ஏது?

எட்சன் ஒரு மேசை மேல் ஸ்டூலை வைத்து ஏறி நின்றான். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வட்டமாகக் கோத்துக்கொண்டான்.

"எறி."

"விழுந்திருவ அண்ணே."

"எறிட்டி."

முதல் பந்து அவனுடைய வலது தோளில் விழுந்தது. எதிரே நிற்கிறவளுக்கு அது இடது பக்கம். இரண்டாவதும் அதே தோளில். ஸ்டூல் ஆடியது. இத்தனை வருஷமாக எத்தனையோ ஆயிரம் எறிகளைப் பார்த்தவனுக்கு ஒரு எறி உடம்பில் வந்து விழுவது அன்றைக்குத்தான். பந்து எவ்வளவு கனமாக, எவ்வளவு நம்பிக்கையாகத் தப்பான இடத்துக்கு வருகிறது என்று தெரிந்தது. அவன் திருத்தவில்லை. பந்து படும் இடத்தை மட்டும் சொன்னான். "தோளு." "தோளு." "கழுத்துக்குப் பக்கம்." "தோளு." "கை." சொல்லிக்கொண்டே வந்தவன் ஒரு பந்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. அது கைவட்டத்துக்குள் விழுந்து மேசையில் தட்டி ஓடியது.

தேர்வு நாள்வரை தினமும் இதுதான். வலது தோள் கன்றிப்போனது. ஜெபகனி எண்ணெய் காய்ச்சித் தடவிக்கொண்டே, "பந்து விளையாடுகது அவ, அடி வாங்குகது நீயா?" என்றாள்.

தேர்வன்று உள்ளரங்கில் நிறையப் பெண் பிள்ளைகள். கல்லூரிப் பயிற்சியாளர் நேசபாய் விசிலோடு நின்றார். கேலரியிலிருந்து யாரும் சத்தம் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எட்சன் மேல் வரிசையில் உட்கார்ந்தான். ரசலையனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கியது. ஸ்மைலினின் முதல் எறி இடது ஓரம்.  "அவ்வளவுதானா?" என்றார் ரசலையன் மெதுவாக.  அடுத்த முறை பந்து வந்தபோது அவள் எறியாமல், தேர்வுக்கு வந்திருந்த பூங்கனிக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நிற்கவில்லை. இரண்டு பேரைச் சுற்றி ஓடி, வளையத்துக்குப் பக்கவாட்டில் போய்ப் பந்தைத் திரும்ப வாங்கி, பலகையில் தட்டி உள்ளே போட்டாள். இதை எட்சன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. வீட்டில் அவன் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்ததை அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் போல.

ஆனால் தூரத்து எறி இல்லாமல் சீட்டு இல்லை. நேசபாய் ஒவ்வொருத்தியையும் தனியாக நிறுத்தி எறியச் சொன்னார். ஸ்மைலின் கோட்டில் வந்து நின்றாள். பந்தைத் தூக்கும் முன் ஒரு தடவை கேலரியைப் பார்த்தாள். எட்சன் அவள் பார்ப்பதைக் கவனிக்கவில்லை. குனிந்து, வலியெடுத்த வலது தோளைப் பிசைந்துகொண்டிருந்தான். அவள் முகத்தில் சட்டென்று ஒரு சிரிப்பு வந்து போனது. எறிந்தாள். வளையத்தில் படாமல் வலை மட்டும் அசைந்தது. அடுத்ததும் விழுந்தது. மூன்றாவது இடது ஓரம். நான்காவது விழுந்தது.

"தப்பினதெல்லாம் ஏன் இடது பக்கமே போச்சு?" என்று கேட்டார் நேசபாய்.

"எங்க ஊர்ல காத்து அடிக்கும், மேடம்."

"இங்க ஃபேன்கூட ஓடாது" என்றார் நேசபாய். கையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். "அப்ப காத்து இல்லாத ஊர்ல நீ இன்னும் நல்லா ஆடுவ."

பெயர்களை வாசித்தபோது ஸ்மைலினின் பெயர் கடைசியாக வந்தது. ரசலையன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "குழித்துறைக்குப் போன் பண்ணிச் சொல்லணும்" என்றார். 

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எட்சன் சபைக் கமிட்டியின் முன் போய் நின்றான். தெற்குக் கம்பத்தை நட வேண்டும் என்றான்.

"அசனம் வந்தா வட்டளத்தை எங்கடே வைப்போம்?" என்றார் கமிட்டிச் செயலாளர்.

"அசனத்துக்கு முந்தின நாளு நானே பிடுங்கித் தாறேன். மறுநாளு நானே நடுகேன்."

அவனும் ஆன்ட்ரூஸும் ஒரு மாலை முழுக்கக் குழி தோண்டினார்கள். சிமென்ட் இறுகியதும் புது வளையத்தில் முதல் பந்து யார் எறிவது என்று பேச்சு வந்தது. "பிடுங்குறவனும் நடுறவனும் நீதான், நீயே எறி" என்றாள் ஸ்மைலின். எட்சன் தயங்கித் தயங்கிப் பந்தை வாங்கினான். தெற்கே பார்த்து நின்றான். காற்று இப்போது வலது பக்கமிருந்து வந்தது. அதையும் கணக்கில் எடுத்து, காலை வைத்து, விரலை மடித்து, ரொம்ப கவனமாக எறிந்தான். பந்து வளையத்தையும் தொடாமல், பலகையையும் தொடாமல் மதிலைத் தாண்டிப் போய் விழுந்தது.

ஆன்ட்ரூஸ் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"காத்து" என்றான் எட்சன்.

"காத்து இல்ல அண்ணே" என்றாள் ஸ்மைலின். "முட்டு வெளிய விரியுது."