மந்திரியைத் தின்ற வெள்ளிக்கிழமைகள்

அந்தப் புத்தகத்தை இப்போது திறந்தாலும் சாளை மீன் வாசனை அடிக்கும். நடுவில் ஒரு பக்கத்தில் மீன் செதில் ஒன்று ஒட்டிக் காய்ந்து மின்னிக்கொண்டிருக்கிறது. நேற்று அலமாரியை ஒதுக்கும்போது கையில் மாட்டியது... அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எங்களுக்கு தோஹாவில், நஜ்மா பகுதியில் ஒரு பழைய ஃப்ளாட். நர்ஸ்கள் மூன்று பேர். நான், குளச்சல் ரெஜினா அக்கா, மன்னார்குடி தமிழ்ச்செல்வி. அக்கா மீன் கழுவினால் செல்வி தேங்காய் துருவுவாள். எனக்குச் சமையல் வராது, அதனால் பாத்திரம் கழுவும் இலாகா எனக்கு.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஊரில் தேர்தல் வரும் வரை.

ரிசல்ட் அன்று டிவியில் அக்காவின் கட்சி முன்னால் போகப் போக, அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செல்வியின் அப்பா மற்ற கட்சிக்குக் காலமெல்லாம் போஸ்டர் ஒட்டியவர். அது தெரிந்தும் அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எட்டி செல்வி, ஒங்கப்பா ஒட்டுன போஸ்டர எல்லாம் ஆடு தின்னுட்டு போல!"

செல்வி டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஒரே கிச்சனில் இரண்டு குக்கர், இரண்டு உப்பு டப்பா. நடுவில் தூது போவது நான். "ஷைனி, கேஸ் தீந்துபோச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிடு" என்பாள் செல்வி. அந்த 'அவங்க' பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருப்பார்!

ரூமில் அரசியல் மஃபி, அரபியில் கிடையாது, என்று நான் ஒரு சட்டம் போட்டேன். பேச்சே இல்லாத வீட்டில் சட்டம் போட்டு என்ன... செல்வி வேறு ரூம் பார்த்துவிட்டாள். மாதக் கடைசியில் காலி செய்யப்போகிறேன் என்றாள். அந்த ஊரில் இவர்கள் இருவரைத் தவிர எனக்கு வேறு யாரும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை, அங்கே வார லீவு, சர்ச்சில் பூசை முடிந்து வந்த அக்கா, சாளையோடு தரையில் உட்கார்ந்தார். எதிர்ப்பக்கம் செல்வி, தன் பங்கு வெங்காயத்தோடு. அந்த அமைதி தாங்காமல், லீவில் ஊருக்குப் போனபோது வாங்கி வந்திருந்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலை எடுத்துச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். எங்கோ கிழக்கு ஐரோப்பாவில் எழுதியது. எழுதியவர் பெயர் வாயில் நுழையவில்லை. ஐரோப்பாக் கதையில் நம்ம ஊர் அரசியல் எங்கே வரப்போகிறது என்ற தைரியம்தான்!

கதையில் ஒரு சின்ன ஊர். அங்கே எல்லா ரொட்டியிலும் மந்திரியின் முகத்தை அச்சு வைத்துத்தான் சுட வேண்டும். ஒரு நாள் திடீரென்று மந்திரியைப் பதவியிலிருந்து தூக்கிவிடுகிறார்கள். பழைய முகம் கடையில் இருந்தால் பேக்கரிக்காரருக்கு ஜெயில். பாவம், அவரைக் காப்பாற்ற ஊரே கூடி உட்கார்ந்து, விக்க விக்க, மந்திரியைத் தின்று தீர்க்கிறது.

அக்காவின் கத்தி நின்றது. "இது அவ கட்சிக்காரன்தான்! கல்யாண வீட்டுத் தண்ணி பாட்டில் வரைக்கும் மொகத்த ஒட்டுனவனுவ!"

செல்வி என்னைப் பார்க்கவில்லை. நேராக அக்காவைப் பார்த்தாள். "யாருங்கக்கா ஒட்டுனது? பஸ் ஸ்டாண்டு பெஞ்சு வரைக்கும் பேரெழுதி வச்சது உங்காளுங்க இல்லையா?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் நேருக்கு நேராக ஒரு சண்டை! எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சட்டம் போட்டவள் ஆயிற்றே. "ரூம் ரூல்!" என்று கத்தினேன்.

"அரசியலா பேசுதோம்? கதையல்லா பேசுதோம்" என்றார் அக்கா.

"ஆமா, கதைதான்" என்றாள் செல்வி. அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி.

அடுத்த வெள்ளி முன்னுரையை வாசித்தேன். அந்த எழுத்தாளரின் நாட்டில் ஆட்சியைப் பற்றி நேராக ஒரு வரி எழுத முடியாதாம். அதனால் இல்லாத ஊர் ஒன்றை உண்டாக்கி, ரொட்டியைப் பற்றி எழுதுவது போல எழுதியிருக்கிறார். வாசித்தவர்கள் எல்லோருக்கும் அது யார் முகம் என்று புரிந்துவிட்டது. அதிகாரிகளுக்கும் புரிந்து, தடை போட்டுவிட்டார்கள்.

அக்கா உச்சுக்கொட்டினார். "பாவம், அவருக்கும் நம்மள மாதிரி ரூம் ரூலு போட்டிருக்காவ."

மாதக் கடைசி வந்தது. செல்வி பெட்டியைக் கட்டவில்லை. "கதை முடியட்டும், அப்புறம் போறேன்" என்றாள். அவ்வளவுதான்... எனக்கு அடிக்கடி தொண்டை கட்டிக்கொண்டது. வாரத்துக்கு நாலைந்து பக்கம் தாண்டமாட்டேன்.

அப்படி ஒரு வெள்ளியில்தான் அக்கா நல்ல பெரிய மீனாக எடுத்துச் செல்வியின் தட்டில் வைத்தார். "ஒங்கப்பாவ அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது மக்கா." செல்வி "விடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் தலை நிமிராமல் சாப்பிட்டாள். இரண்டாவது குக்கர் கட்டிலுக்கு அடியில் போனது. நாவல் முடிந்த அன்று புது ரூமைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

இப்போது அந்தக் கட்டடமே இல்லை. அக்கா அயர்லாந்தில் நர்ஸ். ஐரோப்பாவுக்கே போய்விட்டார்! செல்வி மன்னார்குடியில். நான் மட்டும் இன்னும் தோஹாவில். அன்று மூன்று பேருக்கு ஒரே டிவி, ஒரே புத்தகம். இன்று ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு செய்தி. சண்டை போடக்கூட ஒரே விஷயம் கிடைப்பதில்லை. போன வாரம் அக்கா எங்கள் குரூப்பில் ஏதோ கட்சி வீடியோ போட, செல்வி உடனே வெளியேறிவிட்டாள்.

நேற்று அவளை மறுபடி குரூப்பில் சேர்த்து, செதில் ஒட்டிய அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டேன்.

"எம்மா... இங்க நல்ல சாளையே கெடைக்க மாட்டேங்கு" என்று அக்கா எழுதினார்.

செல்வியும் பார்த்துவிட்டாள். இன்று காலை டூட்டிக்குக் கிளம்பும்போது அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே ஷைனி? அக்காவையும் லைன்ல கூப்பிடு. மொதல்லேருந்து வாசி. அன்னைக்கு மாதிரியே வேணும்னே மெதுவா வாசி... எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"