இருவரும் கலந்து எடுத்த முடிவு

எங்கள் நிரல் தொகுப்பின் புதிய பதிப்பு வெளியாகிவிட்டதோ என்ற சந்தேகம் மான்கூர்ட் ஸ்டேஷன் தாண்டும்போது வந்தது. திங்கட்கிழமை காலை, மழை பிடித்துக்கொண்ட முதல் வாரம். செம்பூரில் ஏறி வாஷி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தாராவியில் துணிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் அக்கா போனில் கூப்பிட்டார்.

"தம்பி, மிஷின் ஒண்ணும் அடிக்க மாட்டேங்கு. வெள்ளிக்கெழம வர நல்லாத்தான இருந்துச்சு? இப்ப நான் என்னத்த தட்டுனாலும் தெரியாதுங்கு. இத்தன வருசம் கூட இருந்துட்டு என்னயத் தெரியாதுன்னு சொல்லுது பாத்துக்கோங்க."

"நீங்க எதையாவது மாத்தினீங்களாக்கா?"

"நான் என்னத்த மாத்தப் போறேன்? மேசத் துணியக்கூட மாத்தல."

ரயில் கடற்கழிப் பாலத்தில் ஏறியதும் இணைப்பு அறுந்துவிட்டது.

அந்தத் தொகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் திரையில் ஒருவர் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்கிறார். அதில் எது கோப்பின் பெயர், எது அளவு, எது நிறம் என்று பிரித்து நிரலின் கையில் கொடுக்க வேண்டும். நிரல் எழுதுகிற ஒவ்வொருவரும் இதைப் புதிதாக எழுதுவது வீண்வேலை என்பதால், இதற்கென்றே ஆயத்தமான தொகுப்புகள் இருக்கின்றன. அப்படி ஒன்றை நானும் என் நண்பனும் ஆபீஸ் நேரம் போக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்தோம். முகம் தெரியாத பலர் எடுத்துக்கொண்டார்கள். அக்காவின் லேபிள் நிரலை நான் எழுதிக் கொடுத்தபோது அதற்குள்ளும் இதையே வைத்தேன். புதிய பதிப்பு வந்தால் அவர் கணினி தானாகவே எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தேன். வேறு யாருடைய தொகுப்பாக இருந்தாலும் அப்படிச் செய்திருக்க மாட்டேன்.

எங்கள் தொகுப்பில் ஒரு சலுகை உண்டு. கட்டளைச் சொல்லை முழுதாக அடிக்க வேண்டாம். முதல் சில எழுத்துகள் போதும், மீதியை அதுவே புரிந்துகொள்ளும். அக்காவின் விரல்கள் அதற்குத்தான் பழகியிருந்தன. இந்தச் சலுகையை எடுத்துவிட வேண்டும் என்று நண்பன் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நாளைக்கு அதே எழுத்துகளில் தொடங்கும் இன்னொரு சொல் சேர்ந்தால் குழப்பம் வரும் என்பது அவன் வாதம். வாதம் சரியானது, நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் முதலில் ஒரு பதிப்பில் எச்சரிக்கை மட்டும் காட்டுவது, ஜனங்களுக்கு ஒரு வருடம் கொடுப்பது, அதன் பிறகே எடுப்பது என்று பேசிவைத்திருந்தோம்.

எந்தப் பதிப்பானாலும் வெளியிடுமுன் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஓட்டலில் சந்திப்போம். வெளியிடப் போகிறவன், "போடலாமா?" என்று கேட்க வேண்டும். மற்றவன் "போடு" என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மடிக்கணினியைத் திறப்போம். வெளியிடும் உரிமை இருவரிடமும் தனித்தனியே இருந்தது. இருவரும் ஒப்பினால்தான் வெளியாகும் என்று தளத்திலேயே கட்டுப்பாடு வைக்கலாமே என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் யோசனை எழுதினார். நண்பன் சிரித்தான். "நமக்குள்ள என்னல பூட்டு?" என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

ஆபீசுக்குப் போனதும் தளத்தைத் திறந்தேன். சலுகை எடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கைப் பதிப்பு வரவே இல்லை. வெளியீட்டுக் குறிப்பின் கடைசி வரியில், இது இருவரும் கலந்து எடுத்த முடிவு என்று ஆங்கிலத்தில் எழுதி, என் பெயரையும் தன் பெயரையும் அருகருகே போட்டிருந்தான் நண்பன்.

தேதிகளைக் குறித்துவைப்பது என் சுபாவம். அதனால் வெளியான நேரத்தைப் பார்த்தேன். சனிக்கிழமை மாலை. அந்த வாரக்கடைசி முழுவதும் நான் சயானில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அதே மாலை அவன் மொசாம்பிப் பழப் பையோடு வந்து, கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்த அம்மாவிடம், "நான் ஆருன்னு சொல்லுங்க பாப்போம். தெரியலன்னா டாக்டர்ட்ட பீஸத் திருப்பிக் கேளுங்க" என்று வம்பு பண்ணினான். அம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். படிக்கட்டு வரை அவனோடு போனேன்.

"கம்ப்யூட்டரே தொறக்கலியால?" என்று கேட்டான்.

"எங்கடா நேரம்?"

"நல்லது. தொறக்காத. ரெஸ்ட் எடு."

அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். பதிப்பை வெளியிட்டுவிட்டுத்தான் அவன் பழம் வாங்கப் போயிருக்கிறான்.

அன்று மாலையே தாராவிக்குப் போய் அக்காவின் கணினியில் பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். அக்கா டீ வரவழைத்தார். "ரெண்டு பேரும் சேந்து என் கழுத்த அறுத்துட்டியளே" என்று சிரித்தார். நான் மறுத்துப் பேசவில்லை. அக்காவுக்கு நான் இருந்தேன். மற்றவர்களுக்கு யாரும் இல்லை. புகார்க் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாமே எங்கள் இருவர் பெயருக்கும் வந்தன. "நீங்கள் இருவரும் யோசித்துத்தான் செய்திருப்பீர்கள், ஆனாலும்..." என்று ஒருவர் தொடங்கியிருந்தார். என் கண்டனத்தை நானே வாசிப்பதுபோல இருந்தது.

புதன்கிழமை அவனை கிங்ஸ் சர்க்கிளுக்கு வரச் சொன்னேன். நனைந்துகொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான். காபி வந்ததும் கேட்டேன்.

"ஏன்டா என்கிட்ட கேக்கலை?"

"கேட்டா நீ வேண்டாம்னுதான சொல்லுவ?"

"வேண்டாம்னு எங்கடா சொன்னேன்? ஒரு வருஷம் பொறுத்துப் பண்ணலாம்னுதானே சொன்னேன்?"

"அதாம்ல. ஒனக்கு எல்லாத்துக்கும் ஒரு வருசம். எங்க ஆபீஸ்ல சலுகைய எடுத்த பதிப்பு இந்த மாசமே வேணும்னாங்க. நம்ம தொகுப்பத்தான் இப்ப அங்க ஓட்டுதோம். புது வேலைல சேந்திருக்கேன், நான் போயி ஒரு வருசம்னு சொல்ல முடியுமா?"

"சரி, அவசரம்னே வெச்சுப்போம். நான் சம்மதிச்சேன்னு ஏன் எழுதினே?"

டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதுன்னு இருந்தாத்தான் புதுப் பதிப்ப எடுப்பேன்னு எங்க ஆபீஸ் மேடம் சொன்னாங்க. ஒருத்தன் மட்டும் செஞ்சதுன்னா ரிஸ்க்காம்."

"அதுக்கு என் பேரா?"

"நம்ம பேருன்னு நெனச்சுட்டேம்ல."

எவ்வளவோ சண்டைகளை மறந்திருக்கிறோம். இந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு காபிக்குக் காசை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு சிறிய பதிப்பைத் தயாரித்தேன். பழைய சலுகை திரும்பும். கூடவே எச்சரிக்கை வரும். முதலில் பேசியபடியே ஒரு வருடம் கழித்து எடுக்கப்படும். குறிப்பில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: முந்தைய பதிப்பு எங்களில் ஒருவர் மட்டும் எடுத்த முடிவு, மற்றவரிடம் கேட்கப்படவில்லை. யார் என்று எழுதவில்லை. வெளியிட ஒரே ஒரு பொத்தான்தான். அவனைப் போலவே நானும் அழுத்தியிருக்கலாம். அழுத்தினால் அவனைக் கேள்வி கேட்கும் யோக்கியதை எனக்குப் போய்விடும். அதனால் அவனுக்கு அனுப்பிவைத்துவிட்டுப் போன் செய்தேன்.

"படிச்சியா? போடலாமா?"

"படிச்சேன். கோடிங் நல்லாருக்கு. கடைசி வரி வேண்டாம்ல."

"அது ஒண்ணுதான்டா எனக்கு வேணும்."

"மேடம் அதையும்தான் படிப்பாங்க. நான் பொய் சொல்லி ஒப்புதல் வாங்கிட்டேன்னு ஆயிரும். புரோபேஷன்ல இருக்கேன், தெரியும்லா? அந்த வரிய எடு, இப்பவே 'போடு'ங்கேன்."

"எடுக்கலைன்னா?"

"அப்ப நான் சொல்ல மாட்டேன். நீயா போட்டுக்கோ. பூட்டா போட்ருக்கு?"

நான் போனை வைத்துவிட்டேன். மறுநாள் முழுவதும் வெளியிடவில்லை. புகார்கள் வந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், மதிப்பெண் பட்டியல் எடுக்கும் கட்டளை நின்றுபோய்விட்டது, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அவருக்கு வேண்டியது வேலை செய்யும் பதிப்பு. யார் யாரைக் கேட்கவில்லை என்பது அவருக்கு எதற்கு? என் ஒரு வரிக்காக அவரை நிறுத்திவைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்த வரியை நீக்கிவிட்டு அவனை மறுபடி கூப்பிட்டேன். "எடுத்துட்டேன். போடலாமா?"

"போடுல," என்றான் உடனே. பிறகு, "அம்மாக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்றான்.

"தெளிவாத் தெரியுதாம்," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பதிப்பு வெளியானது. மதியத்துக்குள் ஆசிரியையிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. தவறு என்று தெரிந்ததும் இருவரும் சேர்ந்து இத்தனை சீக்கிரம் திருத்திக்கொண்டீர்களே, இப்படி ஒற்றுமையாக வேலை செய்பவர்களைப் பார்ப்பது அபூர்வம் என்று எழுதியிருந்தார். வாஷியில் சாப்பாட்டு மேசையில் அதைப் படித்தேன். என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அந்தக் கடிதத்துக்குக் கீழே பதில் வந்து விழுந்தது. எங்கள் இருவர் சார்பிலும் அவன் நன்றி சொல்லியிருந்தான்.