நாளைய தலைவி நாளைக்கு வர மாட்டாள்

வங்காளத் தலைநகரில், டாக்குரியா ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில் இருக்கும் நாலு மாடிக் கட்டடத்தில் பட்டு மாமி குடியேறிப் பல வருஷங்கள் ஆகின்றன. கணவர் வீரராகவன் துறைமுகத்தில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்ற கையோடு மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விட்டார்கள். இவர்கள் மட்டும் தங்கிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், மீன் வாசனைகூடப் பழகிவிட்டது என்பார் வீரராகவன். மாமியை யாரும் கேட்டதில்லை.

பொதுவாகவே மாமியை யாரும் எதுவும் கேட்பதில்லை. கலங்கரை மகளிர் வட்டத்தின் நிர்வாகக் குழுவில் அவள் இருக்கிறாள் என்பதே அவளுக்கு அடிக்கடி மறந்துபோகும். டாக்குரியா, லேக் கார்டன்ஸ், ஜாதவ்பூர் பக்கத்துத் தமிழ்ப் பெண்மணிகள் சேர்ந்து நடத்தும் வட்டம் அது. மாமியைக் காபிக்காகத்தான் குழுவில் சேர்த்தார்கள் என்று சொன்னால் அது தவறு, போண்டாவுக்காகவும்தான். கூட்டத்தில் மற்றவர்கள் பேசுவார்கள், மாமி டம்ளர்களைப் பார்த்துக்கொள்வாள். யார் டம்ளர் காலி, யார் சர்க்கரை குறைத்துக்கொண்டிருக்கிறார், யார் யார் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அதைச் சொல்வதற்குத் தீர்மானப் புத்தகத்தில் இடம் கிடையாது.

வட்டத்தின் தலைவர் மூன்றாம் மாடி மிருதுளா. வங்கியில் பெரிய பதவியில் இருப்பவரின் மனைவி. ஒரு வருஷம் ஏரிக்கரையில் மரக்கன்று நட்டாள், அடுத்த வருஷம் கம்பளி கொடுத்தாள். கன்றுகளை ஆடு மேய்ந்தது. கம்பளி வாங்கியவர்கள் அதை விற்றுவிட்டார்கள் என்று அவளுக்கு வருத்தம். மனிதர்களிடம் முதலீடு செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிய வருஷத்தில் பிறந்ததுதான் 'நாளைய தலைவி' திட்டம். கானிங் ரயில் பாதையில் தால்தி என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியிலிருந்து சில ஏழைப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, டியூஷன் கட்டணம், புத்தகம், சைக்கிள் எல்லாம் கொடுப்பது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை ரயிலேற்றி மிருதுளா வீட்டு ஹாலுக்கு வரவழைத்துத் தலைமைப் பண்பு கற்றுக்கொடுப்பது.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருத்தி ரிம்பா நஸ்கர், பத்தாம் வகுப்பு. அந்தக் கட்டடத்தில் மிருதுளா, குழு உறுப்பினர் விசாலம், பட்டு மாமி ஆகிய மூன்று வீடுகளுக்கும் பாத்திரம் தேய்த்துத் தரை துடைக்கும் அஞ்சனாவின் மகள். நம்ம வீட்டு வேலைக்காரியின் பெண்ணையே தலைவி ஆக்குகிறோம் என்று மிருதுளா எல்லாக் கூட்டத்திலும் சொன்னாள். பேனர் அடித்தபோது ரிம்பாவின் முகத்தைத்தான் பெரிதாகப் போட்டார்கள். அந்தப் பெண்ணின் கண்கள் பேனருக்கென்றே செய்தவை போலப் பெரிய கண்கள்.

கட்டடத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. அஞ்சனா வர முடியாவிட்டால் பத்லி அனுப்ப வேண்டும். பத்லி என்றால் மாற்று ஆள். அவளுக்குக் காய்ச்சலோ, ஊரில் சாவோ, கானிங் லோக்கல் ரயில் ஓடவில்லையோ, மூன்று வீட்டுத் தொட்டியிலும் பாத்திரம் தேங்கக் கூடாது. அஞ்சனாவுக்கு இருந்த ஒரே பத்லி ரிம்பா. ஞாயிற்றுக்கிழமை மிருதுளாவின் சோபாவில் தலைவியாக உட்கார்ந்த பெண், புதன்கிழமை அதே வீட்டுக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இதில் யாருக்கும் எந்த முரணும் தெரியவில்லை. சோபாவில் உட்காரும்போது மட்டும் அவளுக்குக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள்.

பயிற்சி வகுப்புகளில் மிருதுளாவுக்கு மிகவும் பிடித்தது மறுத்துப் பேசும் வகுப்பு. கிராமத்துப் பெண்களுக்கு முடியாது என்று சொல்லத் தெரியவில்லை, படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்றால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. அதனால் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, நிமிர்ந்து, கண்ணைப் பார்த்து, "பார்போ நா" என்று சொல்லப் பழக்கினாள். என்னால் முடியாது என்று அர்த்தம். ரிம்பாவின் குரல் எழும்பவில்லை. மறுபடி சொல்ல வைத்தாள். இன்னும் உரக்க என்றாள். கேசரித் தட்டுடன் கதவோரம் நின்றிருந்த மாமிக்கே போதும் என்று தோன்றிய பிறகும் விடவில்லை. கடைசியில் ரிம்பா ஜன்னல் கண்ணாடி அதிரச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

காளி பூஜை முடிந்த கையோடு அஞ்சனாவுக்கு டெங்கு வந்தது. பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. பத்தாம் வகுப்புக்கு டெஸ்ட் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதை எழுதாதவர்கள் மாத்யமிக் எனும் பொதுத்தேர்வில் உட்கார முடியாது. ரிம்பா காலை லோக்கலில் புத்தகப் பையோடு வந்து, மூன்று வீட்டையும் முடித்து, மதிய லோக்கலில் திரும்பினாள். அந்த நேரத்துக்குப் பள்ளிக்குப் போனால் வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பார்.

தலைமையாசிரியை மிருதுளாவுக்குப் போன் செய்து, உங்கள் பெண் பள்ளிக்கே வருவதில்லை, நாளைக்கு முதல் பரீட்சை, அதற்காவது வருவாளா என்று கேட்டார். காபிப் பொடி கொடுக்க வந்திருந்த பட்டு மாமியிடம் மிருதுளா மிகுந்த துயரத்தோடு அதைச் சொன்னாள். "நாம எவ்வளவுதான் பண்ணுவோம், மாமி? அவா மனுஷாளுக்குப் படிப்போட அருமை தெரியலையே. முதல்ல ஊர்ல போய் ஒரு விழிப்புணர்வு முகாம் போடணும்." பின்னால் குழாயடியில் ரிம்பா குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்த சத்தத்தில் அவள் கொஞ்சம் உரக்கவே பேச வேண்டியிருந்தது.

மறுநாள் மிருதுளா வீட்டில் முக்கியமான கூட்டம். திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வருகிறார். வேலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்த ரிம்பாவிடம், நாளைக்குச் சீக்கிரமே வந்துவிடு, கப் சாஸர் நிறைய இருக்கும் என்றாள் மிருதுளா.

ரிம்பா நிமிர்ந்தாள். கண்ணைப் பார்த்தாள்.

"பார்போ நா, காக்கிமா. நாளைக்கு டெஸ்ட்."

பயிற்சியில் சொன்ன அதே குரல். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. மிருதுளா தமிழில், மாமியைப் பார்த்துச் சொன்னாள்: "கல்யாணத்துக்குச் சொல்றதுக்குன்னுதானே கத்துக் கொடுத்தேன். பாத்திரத்துக்குமா சொல்லுவா?" ரிம்பாவிடம் வங்காளத்தில் சொன்னது சுருக்கம். நீ வராவிட்டால் உன் அம்மாவும் வரவேண்டாம். கானிங் லோக்கலில் ஆளுக்கா பஞ்சம்.

ரிம்பாவின் கண்கள் மாமியின் பக்கம் திரும்பின. பேனரில் இருந்த கண்கள் அல்ல அவை. மாமி காபிப் பொடி டப்பாவைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் விசாலம் வீட்டில் அவசரக் கூட்டம். ஒழுங்கீனம், வருகைக் குறைவு ஆகிய காரணங்களுக்காக ரிம்பா நஸ்கரைத் திட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்று மிருதுளா தீர்மானம் கொண்டுவந்தாள். நீக்கினால் டியூஷன் நிற்கும், புத்தகம் நிற்கும், அம்மாவின் வேலையும் போகும். மற்ற பெண்களுக்கு ஒரு பாடமாக இருக்கும் என்று விசாலம் சொன்னாள். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். மாமியின் கையில் காபித் தட்டு இருந்தது. இத்தனை வருஷமாக எல்லாத் தீர்மானங்களிலும் அவள் கையில் தட்டுதான் இருந்தது; அதை ஆதரவு என்று எழுதிக்கொள்வது வழக்கம்.

மாமி மன்னார்குடியில் ஒன்பதாம் வகுப்பு படித்தவள். சித்திக்குப் பிரசவம், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, பத்து நாள் போய் இருந்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, எழுந்து நின்றது. மாமி திரும்பி வந்தபோது வகுப்பில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைப் படிக்காதே என்று சொல்லவில்லை. யாரும் அவளை அடிக்கவும் இல்லை. எல்லோரும் அவளை நல்ல பெண் என்றார்கள்.

தட்டை மேஜையில் வைத்தாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"ஸ்கூலுக்குப் போகலேன்னா அவ எங்கே இருந்தா? நம்மாத்துல தானே இருந்தா." செருமிக்கொண்டாள். "எங்காத்துக்கு இனிமே பத்லி வேண்டாம். அஞ்சனா வரலேன்னா நானே தேய்ச்சுக்கறேன்."

மாமிக்குக் குரல் உண்டு என்பதையே சிலர் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். சொந்த வீட்டு விஷயத்தையும் வட்டத்து விஷயத்தையும் குழப்பக் கூடாது என்று மிருதுளா பொறுமையாக விளக்கினாள். பெண் கல்வி வேறு, பாத்திரம் வேறு. பலர் தலையாட்டினார்கள். கைகள் மேலே போகத் தொடங்கின.

மாமியின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அவள் உட்காரவில்லை. "நாளைக்குக் கம்பெனிக்காரா வந்து, பேனர்ல இருக்கற பொண்ணு எங்கேன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றாள்.

கைகள் பாதியில் நின்றன. விசாலம் முதலில் இறக்கினாள். "அவ மூஞ்சியைத்தானே இத்தனாம் பெரிசா போட்டிருக்கோம், மிருதுளா," என்றாள். புதுப் பேனர் அடிக்க நேரமில்லை. ரிம்பாவின் முகத்தின் மேல் ஒரு கோலத்தை ஒட்டிவிடலாம் என்று ஒருத்தி யோசனை சொன்னாள். அது கவனமாகப் பரிசீலிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. நியாயத்தால் ஆகாதது அன்று பிளெக்ஸ் துணியால் ஆயிற்று. ரிம்பா திட்டத்தில் நீடிப்பாள், அவள் அம்மாவும் வேலையில் நீடிப்பாள் என்று ஒருமனதாக முடிவானது. மறுத்துப் பேசும் வகுப்புக்குப் பதில் அடுத்த மாதம் முதல் இனிமையாகப் பேசும் வகுப்பு என்பதும் முடிவானது.

மாமி தால்திக்குப் போன் செய்து, உடைந்த வங்காளத்தில், நாளைக்கு வராதே, பரீட்சை எழுது என்றாள். மறுமுனையில் அஞ்சனா அழுதாளா இருமினாளா என்று தெரியவில்லை. ரிம்பா போனை வாங்கி, "வேலை போயிடாதே, மாசிமா?" என்று மட்டும் கேட்டாள். போகாது என்றாள் மாமி. வீட்டுக்கு வந்து கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். மகளிர் தினத்தன்று வட்டத்தில் இரண்டு முறை சிறப்புரை ஆற்றியவர் வீரராகவன்.

"அப்போ பாத்திரம்?" என்றார்.

"நான் தேய்க்கறேன். நீங்க துடைச்சு அடுக்குங்கோ."

அவர் அன்று செய்தித்தாளில் வரி விளம்பரங்கள்வரை படித்தார். பிறகு எழுந்து வந்து, துண்டு எங்கே என்று கேட்டார்.

மறுநாள் கம்பெனி அதிகாரி பேனர் முன் நின்று, இந்தப் பெண்ணைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். மிருதுளா தயங்கவே இல்லை. "பரீட்சை எழுதிண்டிருக்கா மேடம். எங்க பொண்கள் ஒரு நாள்கூட ஸ்கூலுக்கு மட்டம் போட நாங்க விடறதில்லை." அதிகாரி நெகிழ்ந்துபோய் நிதியை இன்னொரு வருஷம் நீட்டுவதாகச் சொன்னார். சமையலறைத் தொட்டியில் கப்பும் சாஸரும் குழாயைத் தொடும் உயரத்துக்கு ஏறியிருந்தன.

டெஸ்ட் பல நாள் நடந்தது. அஞ்சனா எழுந்து நடமாடப் பின்னும் நாளாயிற்று; அதுவரை மூன்று வீட்டுக்கும் பத்லி இல்லை. இரண்டாம் பரீட்சை நாளன்று பொழுது சாயும் நேரத்தில் விசாலம் மாமி வீட்டுக் கதவைத் தட்டினாள். முந்தானைக்குள் எதையோ மறைத்திருந்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் வெளியே எடுத்தாள். அடி கருகிய பால் பாத்திரம்.

"இதை எப்படி எடுக்கறது, மாமி? கையெல்லாம் எரியறது. மிருதுளாகிட்ட மூச்சு விடாதீங்கோ. எங்காத்துக்குப் புதுசா ஒருத்தி வரான்னு சொல்லி வச்சிருக்கேன்."

புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்க வைத்து ஆறவிடச் சொன்னாள் மாமி. சற்று முன்னால் மிருதுளாவும் இதையே கேட்டுவிட்டு, விசாலத்திடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதை மாமி சொல்லவில்லை.