உடம்புக்குள் ஊதிய சங்கு

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். ஷிப்டுச் சங்கு ஊதினால் உள்ளே போவேன், அடுத்த சங்குக்கு வெளியே வருவேன். என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்து வேலை.

அந்தச் சித்திரையில் இருமல் பிடித்தது. பகலில் சும்மா இருக்கும், படுத்தால் விடாது. மூச்சு விசில் அடிக்கும். பஞ்சுத் தூசிதான் என்று மில்லில் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்தேன். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆன பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

எக்ஸ்ரேயில் நெஞ்சு முழுக்கப் பொடிப் புள்ளி. டிபியாகத்தான் இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார். கேள்விப்பட்டதும் காரமடையிலிருந்து நாத்தனார் வந்துவிட்டார். என் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டார்.

"நல்லாகிப்போட்டு வந்து கூட்டிக்க அம்மணி. அதுவரைக்கும் அந்தப் பக்கம் வந்துராத."

அவர் மேல் தப்பில்லை. ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் மகள் பஸ் ஜன்னலில் கையை ஆட்டினாள்.

மாத்திரை தின்றேன். அந்த மாத்திரைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனதுதான் மிச்சம். சளியைச் சோதித்தார்கள். கிருமி இல்லை என்றார்கள். இருமல் மட்டும் இருந்தது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் இருந்தார். எங்கே வேலை என்று கேட்டார். சொன்னதும், தன் அப்பாவும் மில்காரர்தான் என்றார். ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிசல்ட் வந்ததும் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

"டிபி இல்லைங்க. இவங்களுக்கு உள்ள சங்கு ஊதிருச்சு."

வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சின்னப் புள்ள இருக்குதுங்க டாக்டரம்மா" என்று அழுதார். தினமும் கேட்கிற மில் சங்கு அப்போது எனக்கும் ஞாபகம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஒரு தடவை காரமடைக்குப் போய் மகளைப் பார்த்துவிட முடியுமா என்று மட்டும் யோசித்தேன்.

டாக்டருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, எந்திரிங்க! சாவுச் சங்கு இல்லைங்க, மில்லுச் சங்கு! கொசுக் கடியில ஒரு புழு உள்ள போயிருக்குதுங்க. கண்ணுக்குத் தெரியாது. புழு வந்தா ஒடம்பே ஒரு சங்கு ஊதும். சத்தமெல்லாம் வராது, ரத்தத்துல ஒரு சரக்கைக் கலந்துவிடும். புழுவை அடிக்கற அணுவுக அந்தச் சேதி கெடைச்சுத்தான் வரும். இவங்களுக்குச் சங்கு நிக்கவே இல்லை. மூணு ஷிப்டு ஆளும் ஒண்ணா வந்து நுரையீரல்ல நிக்கறாங்க. அந்த நெரிசல்தான் இருமல். ஈஸ்னோபீலியாம்பாங்க."

நான் ஒன்றுதான் கேட்டேன்.

"புள்ளைக்கு ஒட்டுமாங்க?"

"ஒட்டாது அம்மணி."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். "தின்னா காய்ச்சல் வந்தாலும் வரும். புழு சாகறப்ப இன்னும் பலமா ஊதும். ரொம்ப முடியலைன்னா இங்க வாங்க. நீங்களா நிறுத்திப்போடாதீங்க" என்றார்.

அவர் சொன்னபடியே வந்தது. இரண்டாம் நாள் உடம்பு அனலாகக் கொதித்தது. எலும்பெல்லாம் வலித்தது. வீட்டுக்காரர் பயந்துவிட்டார்.

"ஏம்புள்ள, ஒத்துக்கலையாட்ட இருக்குது. நிறுத்திப்போடு."

"சங்குதானுங்க ஊதுது. ஊதட்டும்" என்றேன். அவ்வளவு பயத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் மோந்து கொடுத்தார். விழுங்கினேன்.

காய்ச்சல் தானாக இறங்கியது. கொஞ்ச நாளில் மல்லாந்து படுத்தே தூங்கினேன். மாத்திரை முடிந்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள். போதும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே காரமடை பஸ் ஏறினேன்.

நாத்தனார் வாசலிலேயே நிற்க வைத்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு, தான் குடிக்கிற டம்ளரிலேயே தண்ணீர் கொடுத்தார். மகள் கொஞ்ச நேரம் கதவுக்குப் பின்னால் நின்றாள். அப்புறம் வந்து மடியில் உட்கார்ந்தாள்.

அந்த மில் மூடி வெகுகாலம் ஆகிறது. இன்றைக்கும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் நான் பதறுவதில்லை. உடம்பு ஆள் கூப்பிடுகிறது என்று நினைத்துக்கொள்வேன், எதற்குக் கூப்பிடுகிறது என்று மட்டும் டாக்டரிடம் போய்க் கேட்டுவிடுவேன்.