இடியப்பப் பிழையும் அதைத் திருத்தியவரும்

பிலோமினா இறந்துவிட்டார் என்ற செய்தி காலையில் வாட்ஸ்அப்பில் வந்தது. அதன் கீழே இன்னொரு வரி: மல்கிரேவில் உள்ள அவரின் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவர விரும்புகிறவர்கள் தொலைபேசியில் சொல்லவும். செத்தவீட்டுக்கு யார், எந்த நாள், என்ன சமைத்துக் கொண்டுபோவது என்று எல்லாரும் பார்த்துப் பதிவதற்கு ஓர் இணையப் பக்கத்தையே செய்து தந்தவர் அவர். அவருடைய வீட்டுக்கு மட்டும் அது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. நான் அந்தப் பக்கத்தில் அவர் வீட்டுக்கு ஒரு பட்டியல் திறந்து இணைப்பை அனுப்பினேன். ஒருவர் கட்டைவிரல் காட்டினார். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை.

நாங்கள் இருவரும் ஓய்வுபெற்ற பிறகுதான், இணையப் பக்கம் செய்கிற ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியைப் படித்தோம். அவர் மன்னார்க்காரர், இந்த நாட்டுக்கு வந்து தபால் பிரிக்கும் வேலை செய்தவர். நான் பஸ் ஓட்டியவன். கிளேட்டன் நூலகத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில், சொல்லித்தர ஆளில்லாமல் படித்தோம். இணையத்துப் பாடங்கள் எல்லாம், செய்யவேண்டிய வேலைகளைக் குறித்துவைக்கும் பக்கம் ஒன்றைத்தான் முதலில் செய்யச் சொல்லின. பிலோமினா மறுத்துவிட்டார்.

"என்ர வேலை என்ர மண்டையில இருக்கு அண்ணை. செத்தவீட்டில மூண்டு நாள் இடியப்பம், நாலாம் நாள் பட்டினி. அதுக்கு ஒரு வழி செய்வம்."

வெறுமையான கோப்பில் ஒரே ஒரு பொத்தானோடு தொடங்கினார். அதை அழுத்தினால் "சோறு" என்று எழுத்து வரவேண்டும். அது வந்த அன்று நூலகத்தில் நாங்கள் சத்தம் போட்டதற்கு ஏச்சு வாங்கினோம்.

முதல் தடவை ஒரு செத்தவீட்டுக்கு அந்தப் பக்கத்தைக் கொடுத்தபோது, ஒரே மதியம் ஐந்து குடும்பங்கள் இடியப்பமும் சொதியுமாக வந்து நின்றன. பதிவெல்லாம் அவரவர் கைபேசிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியவில்லை. புதிதாகத் தொடங்குகிற எவரும் விடுகிற பிழை. சனம் அதற்கு "இடியப்ப மெஷின்" என்று பெயர் வைத்தது.

அவருடைய மகன் கம்பியூட்டர் நிறுவனத்தில் பெரிய வேலை. ஃபைவ் மினிட்ஸில் ரெடிமேடாக ஒன்று போட்டுத் தருவதாகச் சொன்னார். "பிழை என்ர. நான்தான் திருத்துவன்" என்று தாய் சொல்லிவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க இருந்து, எல்லாக் கைபேசிகளும் ஒரே இடத்தைக் கேட்டு வாசிக்கும்படி சேர்வர் ஒன்றை எழுதினார். திரை நிறையச் சிவப்பில் பிழைச்செய்தி வந்து நான் மிரளும்போதெல்லாம் சொல்வார்: "முதல் வரியை வாசியுங்கோ அண்ணை. மிச்சமெல்லாம் அதுக்குப் பிறகு வந்த ஒப்பாரி."

தேவாலய மண்டபத்தில் அஞ்சலி உரை நிகழ்த்தியவர் இடியப்பக் கதையைச் சொன்னார். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். பிறகு, யோசனை அன்ரியின்ர, மகன்தான் அதைச் சரியாகச் செய்துகொடுத்தவர் என்று முடித்தார். மகன் தலை குனிந்து இருந்தார்.

நான் எழும்பினேன். "பிழை அவவின்ர, திருத்தினது மட்டும் மகனோ? ரெண்டும் அவவின்ரதான்."

யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். "அங்கிள், இருங்கோ. இது அதுக்கான இடமில்லை."

அவர் செய்ததைச் சொல்ல அவருடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தைவிட எது இடம்? அதனால்தான், அன்று அங்கே இருந்து சிரித்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

உயிரோடு இருந்தபோது தன் பெயரை அந்தப் பக்கத்தில் போட அவர் விடவில்லை. எத்தனையோ தரம் சண்டை பிடித்துப் பார்த்தேன். "சாப்பாடு கொண்டு வாற சனம் சட்டியில பேர் எழுதியோ கொண்டு வருது?" என்பார். இப்போது போட்டுவிட்டேன். ஒவ்வொரு செத்தவீட்டின் பட்டியலுக்குக் கீழும் இருக்கிறது: இதை எழுதியவர் பிலோமினா.

மகன் அழைத்தார். "அம்மா இதை விரும்பமாட்டா அங்கிள். எடுத்துவிடுங்கோ."

"கொம்மா விரும்பாததை நான் செய்யிறது இது முதல் தரமில்லை தம்பி" என்றேன்.

பிறகு மகன், அந்தச் சேர்வரை அம்மா எப்படி எழுதினவ என்று கேட்டார். தனக்குத் தெரியாது என்றார்.

அந்த மண்டபத்தில் சொல்லியிருக்கவேண்டியது அதுதான் என்று சொல்லி அழைப்பை வைத்துவிட்டேன்.

சொல்லித்தர ஆளில்லாமல் தொடங்கி, உதவ ஆளில்லாமல் முடிக்கிற அந்தப் பிடிவாதம்தான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து அவர் பெயரை எடுக்கமாட்டேன்.