உட்காரச் சொல்லும் பாடம்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் அன்றைக்கு நான் செய்த காரியத்தைக் கேட்டவர்களில் சிலர் அதை நேர்மை என்கிறார்கள். நேர்மையுமில்லை, கத்தரிக்காயுமில்லை. பயம்தான்.

எண்பதுகளின் தொடக்கம். தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், எங்கள் குடும்பம் இருந்தது. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். நான் உயர்தரம் வரை படித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. தோட்ட ஆபீஸில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்து, தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு வருகிற ஆங்கிலக் கடிதங்களைப் படித்துப் படித்து, பதில்களைத் தட்டச்சு செய்து, அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலங்களில் லயத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தேன்.

மாலைத்தீவுப் பள்ளிக்கூடங்களுக்கு ஆங்கில ஆசிரியர்கள் தேவை என்று ஒருநாள் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. பட்டதாரிகளுக்கு முன்னுரிமை என்று அடியில் போட்டிருந்தது. நான் அதைக் கவனிக்காததுபோல விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பட்டத்தைக் கேட்டால் எதைக் காட்டுவது?

பதுளையில் தட்டச்சுக் கடை வைத்திருந்த ஒருவரிடம் போய் யோசனை கேட்டேன். அவர் சிரித்தார்.

"பட்டம் இல்லாட்டி என்னாங்க? ஒரு தாள்தானே? இந்தியாவுல ஏதாவது ஒரு காலேஜுன்னு போட்டுக்குவோம். அங்க யாரு போய்ப் பாக்கப் போறா?"

மூன்றாம் நாள் தாள் தயார். முத்திரை, கையெழுத்து எல்லாம் அச்சு அசலாக இருந்தது. அதைப் பைக்குள் வைத்த நிமிஷத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் கனம் ஒரே ஒரு தாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் தகரப் பெட்டியில் இன்னொரு தாளும் இருந்தது. தோட்டத்து ஆட்களை இந்தியாக்காரர்கள் என்றே வைத்திருந்த அரசாங்கத்தின் கந்தோர் கந்தோராகப் பல வருஷம் ஏறி இறங்கி அப்பா வாங்கிய இலங்கைப் பிரஜாவுரிமைப் பத்திரம். அது கிடைத்ததால்தான் எனக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. அது கிடைக்காத என் பெரியப்பா குடும்பத்தைப் பதுளை ஸ்டேஷனில் ரயிலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியதை நான் கண்ணால் பார்த்தவன். கள்ளத்தாளோடு பிடிபட்டால் வேலை மட்டுமா போகும்? "இவன் கள்ளன், இவன் அப்பன் வாங்கின பத்திரமும் கள்ளம்தான்" என்று எவனாவது ஒரு வரி எழுதிவிட்டால்? எழுதிவிடுவார்கள் என்றே நம்பினேன். கொழும்பு வரைக்கும் ரயிலில் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. டிக்கெட் பரிசோதகர் வந்தபோதுகூட அதை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

நேர்முகம் ஒரு பெரிய வீட்டின் மாடியில் நடந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள். நான் வாசலில் புதுச் சப்பாத்தைக் கழற்றினேன், குடையைச் சுவரில் சாய்த்தேன், பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். யோசித்துச் செய்ததில்லை. துரை அறைக்குள் போகிற எங்கள் ஆள் எவரும் அப்படித்தான் போவார்கள். செருப்பு, குடை, பை வெளியே. உள்ளே நிற்க மட்டும்தான். ஆறு வருஷம் அந்த ஆபீஸில் வேலை செய்த நானும் துரை அறையில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மாலைத்தீவிலிருந்து வந்த பெரியவர். மற்றவர் கொழும்பில் ஆங்கிலம் கற்பிக்கிற ஒரு அம்மா. பேச்செல்லாம் ஆங்கிலத்தில். உட்காருங்கள் என்றார் அந்த அம்மா. பரவாயில்லை என்றேன். அவர் என் வெறுங்காலைப் பார்த்தார்.

"சான்றிதழ்கள் எங்கே?" என்று பெரியவர் கேட்டார்.

"வெளியே இருக்கிறது, சார்."

"ஏன் வெளியே?"

போய் எடுத்துவாருங்கள் என்றார்.

வாசலுக்கு வந்து பையைத் திறந்தேன். உயர்தரச் சான்றிதழ் ஒரு பக்கம், கள்ளத்தாள் ஒரு பக்கம். உள்ளே இருந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே நீட்டியிருப்பேன். வெளியே வந்ததால் கைக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிட்டது. அப்பாவின் தகரப் பெட்டிதான் கண்ணில் நின்றது. கள்ளத்தாளை நாலாக மடித்துச் சப்பாத்துக்குள் திணித்தேன். வேலை போனது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

"பட்டம்?" என்றார் பெரியவர்.

"இல்லை, சார்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மா சொன்னார்: "சரி. நாங்கள் இரண்டு பேரும் உங்கள் வகுப்புப் பிள்ளைகள். நீங்கள் இப்போதுதான் வகுப்புக்குள் வருகிறீர்கள். பாடத்தைத் தொடங்குங்கள்."

சொல்லிவிட்டு இருவரும் எழுந்து நின்றார்கள். "குட் மார்னிங், சார்" என்று பிள்ளைகள் மாதிரியே இழுத்தார்கள்.

நான் திரும்ப வணக்கம் சொன்னேன். அவர்கள் உட்காரவில்லை. ஆசிரியர் சொன்னால்தானே பிள்ளைகள் உட்காரும்? லயத்தில் என் பிள்ளைகள் சாக்கு விரித்துத் தரையில் இருப்பார்கள். உட்காரச் சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை. இங்கே கோட்டுப் போட்ட ஒரு பெரியவர், பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா, என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர்களைப் போய் நான் உட்காரச் சொல்வதா? அவர்கள் நின்றார்கள். நானும் நின்றேன். கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சப்பாத்தை மாட்டிக்கொள்ள நேரமாகும் என்பதால் ஓடவில்லை.

கடைசியில், "சிட் டவுன்" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

இருவரும் உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு என்ன பாடம் நடத்தினேன் என்பது நினைவில்லை. தேயிலைக் கொழுந்து எப்படித் தூளாகிறது என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் சொன்னதாக ஞாபகம். முடிந்ததும் பெரியவர் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டி, "இப்போது நீங்கள் உட்காருங்கள், டீச்சர்" என்றார். உட்கார்ந்தேன். முதுகு நாற்காலியில் படாமல், நுனியில்.

மாலையில் கள்ளத்தாளை மிதித்துக்கொண்டேதான் கோட்டை ஸ்டேஷனுக்கு நடந்தேன். குதிகாலில் உறுத்திக்கொண்டே வந்தது. எடுத்து எறியவும் பயம்.

மூன்றாம் வாரம் வேலைக் கடிதம் வந்தது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மலையில் கவ்வாத்து முடித்துவிட்டு வந்து, கத்தியைக் கூரையில் செருகிவிட்டு அப்போதுதான் கால் கழுவியிருந்தார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். கள்ளத்தாளைப் பற்றிச் சொன்னபோது காலைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்ததைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"அவங்களுக்கு முன்னாலயா ஒக்காந்த?"

"ஆமாங்கப்பா. அவங்கதான் ஒக்காரச் சொன்னாங்க."

அப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரி, ஒக்காந்தது ஒக்காந்துட்ட" என்றார், குரலைத் தாழ்த்தி. "நீ கப்பலேறுற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாத."