ஒற்றைக் காலில் இருபத்தைந்து

சீருடை தைக்கும் தொழிற்சாலையில் மூன்றாவது வரிசை, ஏழாவது மெஷின் அவளுடையது. காலர் வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அங்கே அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது காலர் அல்ல, கால். தொழிற்சாலையின் கைப்பந்து அணியில் வலைக்கு மேலே எழும்பிப் பந்தை அறைவாள். அதனால் முப்பத்தெட்டு வயதிலும் எல்லோருக்கும் அவள் 'ஸ்பிரிங்'.

மூன்று மாதமாகவே காலையில் எழுந்து முதல் பத்தடி வைக்கும்போது வலது குதிகாலுக்கு மேலே சுள்ளென்று இழுத்தது. குளித்து முடிப்பதற்குள் சரியாகிவிடும். அதனால் அவள் கண்டுகொள்ளவில்லை. எட்டு மணி நேரம் உட்கார்ந்து தைத்துவிட்டு, மணி அடித்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு நேரே மைதானத்தில் போய்க் குதிப்பாள். உடம்பைச் சூடேற்றிக்கொள்ளச் சொன்னால், "மெஷின் மிதிச்சதே போதும்" என்பாள்.

அரையிறுதி ஆட்டத்தில், எழும்புவதற்காகக் காலை ஊன்றிய கணத்தில், பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலிருந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். கோபத்தோடு திரும்பினாள். ஆறடி தூரத்துக்கு ஒருவரும் இல்லை. அடுத்த அடி வைக்கக் கால் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மருத்துவமனையில் டாக்டர் அவளைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அமுக்கினார். இடது பாதம் அசைந்தது. வலது பாதம் அசையவே இல்லை.

"கெண்டைக்கால் சதையையும் குதிகால் எலும்பையும் சேர்க்கிற தசைநார் முழுசா அறுந்திருக்கும்மா. முன்னாடியே வலி இருந்துச்சா?"

"காலையில கொஞ்சம். அதான் போயிருமே டாக்டர்."

"போயிருச்சுன்னு நீங்க நினைச்சிருக்கீங்க."

பாதத்தைக் கீழ்நோக்கி வைத்தால் அறுந்த முனைகள் நெருங்கி வருவது ஸ்கேனில் தெரிந்தது. அறுவை சிகிச்சை இல்லாமலே சேர வாய்ப்பிருக்கிறது, ஆனால் சொன்னபடி கேட்க வேண்டும் என்றார் டாக்டர். குதிகாலுக்கு அடியில் ஆப்பு வைத்த கனமான பூட்ஸ் மாட்டினார்கள். தூங்கும்போதும் கழற்றக் கூடாது. ஆப்புகளைப் பிறகு ஒவ்வொன்றாக எடுப்பார்களாம்.

அவள் கணவன் பேருந்து ஓட்டுபவன். "நீ பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணு கால். இப்ப உனக்கு ஒண்ணுதான்" என்றான். அவள் சிரிக்கவில்லை. குளிக்கப் போகும்போது அவனே குனிந்து, பூட்ஸ் நனையாமல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியபோதுதான் அழுதாள்.

இரண்டு வாரத்தில் வேலைக்குப் போனாள். இடது காலால் மெஷினை மிதிக்கப் பழகும்வரை காலர்கள் கோணல்மாணலாக வந்தன. பிரித்துத் தைத்தாள்.

பூட்ஸைக் கழற்றியபோது வலது கெண்டைக்கால் பாதியாக இளைத்திருந்தது. காலுக்குப் பயிற்சி தந்த பிசியோ ஒரு கண்டிப்பான பெண். "இடது கால்ல மட்டும் நின்னு குதிகாலைத் தூக்கி இறக்குங்க. எத்தனை வருது?"

"இருபத்தஞ்சு."

"வலதுலயும் அத்தனை வரணும். அப்புறம் ஓட்டம். குதிக்கிறது அதுக்கும் அப்புறம்."

முதல் நாள் வலது குதிகால் ஒரு விரற்கடைகூட எழவில்லை. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு, முதலில் இரண்டு காலிலும், பிறகு ஒற்றைக் காலிலும், காலையும் மாலையும் செய்தாள். பால் பொங்குவதற்குள் ஒரு சுற்று.

ஏழாம் மாதம் அணித் தலைவி வீட்டுக்கு வந்தாள். "அடுத்த போட்டியில ஃபைனல் வந்துட்டோம்க்கா. கடைசி செட்டுக்கு மட்டும் வாங்க. சும்மா நின்னாலே போதும்."

"பதினாறுதான் வருது."

"என்ன பதினாறு?"

அவள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு செய்து காட்டினாள். பதினேழாவதில் குதிகால் நடுங்கிக் கீழே இறங்கியது. "பாத்தியா? இருபத்தஞ்சு வரட்டும், கூப்பிடாமலே வர்றேன்."

அந்த ஆட்டத்தில் அணி தோற்றது. "போயிருக்கலாமோங்க?" என்று அவள் கணவனைக் கேட்டாள்.

"பிரேக் பிடிக்காத வண்டிய நான் எடுப்பேனா?" என்றான் அவன்.

பத்தாம் மாதம் இருபத்தைந்து வந்தது. மெல்ல ஓடி, பிறகு குதித்து, அடிபட்டு ஒரு வருடம் கழித்துக் களத்தில் இறங்கினாள். பழைய உயரம் வரவில்லை. அதனால் அறைவதை விட்டுவிட்டு, மற்றவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் இடத்துக்கு மாறிக்கொண்டாள். அது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றாமல் யாரையும் பந்தைத் தொட விடமாட்டாள். ஒருநாள் பொத்தான் தைக்கும் பெண், "காலையில குதிகால் பிடிச்சு இழுக்குதுக்கா, அப்புறம் சரியாயிருது" என்றாள். அன்றே அவளைக் குதிக்க விடாமல் நிறுத்திப் பிசியோவிடம் கூட்டிப்போனாள். காலுக்குக் கொடுக்கும் பாரத்தை மெல்லக் கூட்டி மூன்று மாதம் பயிற்சி செய்த பிறகே அந்தப் பெண் ஆடத் திரும்பினாள்.

அந்த வருடம் அவர்களுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். கடைசி ஆட்டம்வரை அணியில் ஒருவரும் காலைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை.